கோதுமை வயலுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

என் கணவர் மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறார். திருவிடைமருதூர் பக்கம் அவர் பங்குக்கு வந்த நிலம் குத்தகையில் இருக்கிறது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அந்த வயலுக்குள் இறங்கி நான் பார்த்ததில்லை. வரப்பில் நின்று பேசிவிட்டு வருவதோடு சரி. செருப்பில் சேறு பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கோணிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விவசாயி ஆனார்.

மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப்போயிருந்தாள். அதில் ஒரு விவசாய விளையாட்டு இருந்தது. டிராக்டர் வாங்கலாம், உழலாம், விதைக்கலாம், மெஷின் விட்டு அறுக்கலாம். ஊர் ஏதோ வெளிநாடு, பயிர் கோதுமை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் தன் கோதுமைக்குக் களை வந்துவிட்டதே என்று விசனப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுவடை மெஷினைத் திருப்பும்போது வேலியில் கொண்டுபோய் இடித்தார். தப்பு தன்னுடையது இல்லை, மானிட்டருடையது என்றார். ஒரே ஒரு மானிட்டரில் பக்கவாட்டு தெரிவதில்லையாம். மூன்று மானிட்டரை வரிசையாக வைத்தால் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்குமாம். ஆனால் அதற்கு, படத்தை மானிட்டருக்கு அனுப்பும் பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்காது.

என்னை ஒரே தடவை வந்து பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தின்று முடிப்பதற்குள் சம்மதம் சொன்னவர் அவர். கார்டுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். சாப்பிடும்போதும் போனில் அதே வீடியோதான். கடைசியில் மூன்று ஃபேன் வைத்து, கலர் கலராக விளக்கெரியும் ஒன்றில் மனம் நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவள். அந்தக் கார்டின் நீளத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. தையல் டேப்பை எடுத்து கம்ப்யூட்டர் கேபினட்டை உள்பக்கமாக அளந்து, ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தஞ்சாவூர்க் கடையில் இருந்தவர், வளைகுடாவில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பாய். என் கணவர் கேட்ட கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். செங்கல் அளவுக்கு இருந்தது. இவர் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

“கேபினட்டு உள்ள எவ்வளவு நீளம்னு அளந்தீங்களா?” என்று பாய் கேட்டார்.

“அதெல்லாம் பெரிய கேபினட்டுங்க. தாராளமா போகும்.”

நான் தாளை நீட்டினேன். பாய் பார்த்துவிட்டு, இது நான்கு விரற்கடை வெளியே நிற்கும் என்றார். என் கணவர் கார்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பெண் வீட்டார் கடைசி நேரத்தில் கலைத்துவிட்ட சம்பந்தம் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

பாய் பொறுமையாக விளக்கினார். மூன்று மானிட்டருக்கும் படத்தை ஒரே நேரத்தில் பிரித்து அனுப்ப வேண்டும் என்பதால் கார்டில் மெமரி கூடுதலாக வேண்டும், விளக்கு எரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்றுக்கும் தனித்தனியாகச் சொருக இடம் இருக்க வேண்டும். பழைய பவர் சப்ளையும் போதாது, அதையும் மாற்ற வேண்டும். இரண்டு ஃபேன் வைத்த, விளக்கே இல்லாத, பன்னிரண்டு ஜிபி கார்டு ஒன்றைக் காட்டினார். “பார்க்க சாதுவா இருக்கும். வேலை செய்யும்,” என்றார். தாமே மாட்டித் தருவதாகவும் சொன்னார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். வீடியோவில் பார்த்திருக்கிறாராம்.

பாய் காட்டிய கார்டையே வாங்கிவந்து மாட்டியும்விட்டார், அதை மறுக்க முடியாது. மற்ற இரண்டு மானிட்டர்கள் வர ஒரு வாரம் ஆகும் என்பதால், இருக்கும் ஒன்றிலேயே விளையாட ஆரம்பித்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கார்டு புராணம்தான். இப்போதுதான் கதிர் தனித்தனியாகத் தெரிகிறதாம், மண்ணில் ஈரம்கூடத் தெரிகிறதாம். நானும் எட்டிப் பார்த்தேன். டிராக்டர் விட்டு விட்டு, விக்கல் எடுப்பதுபோல நகர்ந்தது. கேட்டதற்கு, “புது கார்டுல வண்டியோட கனம்கூட தெரியுது பாரு,” என்றார்.

சனிக்கிழமை மானிட்டர்கள் வந்தன. அவர் கடையில் உரம் இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு விடுமுறை. வந்ததும் சந்தோஷப்படட்டும் என்று நானே ஒயர்களைச் சொருகப் போனேன். கேபினட்டின் பின்பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழைய மானிட்டரின் ஒயர் கார்டில் இல்லை. அதற்கு மேலே, கம்ப்யூட்டரின் அடிப்பலகையான மதர்போர்டில் இருக்கும் துளையில் சொருகியிருந்தது. ஒரு வாரமாகப் படம் வந்தது கார்டு வழியாகவே இல்லை.

ஒயரை மாற்றி, மூன்றையும் கார்டில் சொருகிவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். மத்தியானம் வந்து உட்கார்ந்தார். மூன்று மானிட்டரிலும் கோதுமை விரிந்தது. டிராக்டர் எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. ஒரு சால் முழுக்க ஓட்டி முடித்தார். பிறகு, “இதுக்கு முன்னாடி ஓடுனது என்ன?” என்று கேட்டார்.

அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். அவர் காது மடல் சிவந்தது. நான் அழுத்திவைத்திருந்த சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தபோது, அவரும் மௌஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மண்ணுல ஈரம் தெரியுதுன்னேனே,” என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பாயிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மறுநாள் அவரே போன் போட்டு பாயிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒருநாள் கடையிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கினார்.

“கிழக்கால இருக்குற வயல யாரோ உழுது வச்சிருக்காங்க.”

“நான்தாங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து உழுதேன்,” என்றேன்.

அவர் மூன்று மானிட்டரையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார். சால் நேராக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.