மழுங்காத மூலை

லோவெல் டெஃப்ட் வீட்டில் விண்வெளித் தொலைநோக்கிகள் பதினொன்று இருந்தன. எல்லாம் ஒரே தொலைநோக்கியின் மாதிரிகள். ஒன்று சாப்பாட்டு மேசைக்கு மேலே நைலான் நரம்பில் தொங்கியது, இரண்டு புத்தக அலமாரியில். கட்டைவிரல் அளவுத் தகர மாதிரி ஒன்று குளியலறை ஜன்னலில், பல் துலக்கும் குவளைக்குப் பக்கத்தில். "குனிஞ்சு வாங்க, எங்க வீட்ல வானம் கொஞ்சம் தாழ்வா இருக்கும்" என்றுதான் விருந்தாளிகளை வரவேற்பாள் அவன் மனைவி ஜின்னி.

மேரிலாந்தில், லாரல் ஊரில், இதை யாரும் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு அந்தத் தொலைநோக்கியின் சம்பளத்தில் கட்டியது. லோவெல் தன் முப்பதாவது வயதில் அதற்குப் போர்வை போர்த்தும் குழுவில் இருந்தான். வெயிலும் குளிரும் தாக்காமல் அதன் உடம்பைச் சுற்றுகிற வெள்ளித் தகட்டுப் போர்வை. முடியைவிட மெல்லிசான தகடுகளை அடுக்கித் தைத்து, வெட்டி, ஒட்டுகிற வேலை. தொலைநோக்கி மேலே போய்விட்டது. இவன் கீழேயே இருந்து, ஓய்வு பெற்று, அதன் மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தான்.

தேடுவது பாதி வேலை, கட்டுவது பாதி. பழைய பொம்மைக் கடைகள் மூடும்போது தூசி படிந்த பெட்டிகள் கிடைக்கும். கணினியில் அட்டை மாதிரிக்கான தாள்களை இலவசமாக எடுக்கலாம். முதல் தடவை அப்படி எடுத்தபோது, அச்சுப்பொறி தாளுக்குள் அடங்கட்டும் என்று பாதித் தாள்களைத் தானாகவே கொஞ்சம் சுருக்கிவிட்டது. மூன்று வாரம் கட்டி முடித்தபின் குழாய்க்குள் கண்ணாடி நுழையவில்லை. ஜின்னி வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தத் தாளையும் அளவுகோல் வைத்துப் பார்க்காமல் அவன் வெட்டியதில்லை.

அந்த வருஷம் நூலகத்தில் கண்காட்சி வைத்தார்கள். பதினொரு மாதிரிகளும் அங்கே போகும். "இதைத் தொட்ட கைகள்" என்று ஒரு பலகை, அதில் லோவெலின் படம். உள்ளூர்ப் பத்திரிகையில்கூட வந்துவிட்டது. கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் அவன் பன்னிரண்டாவதைக் கண்டெடுத்தான்.

போவி ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்யும் விற்பனை. இரண்டாம் நாள் என்பதால் எல்லாம் பாதி விலை. கட்டில், பூச்சட்டி, குளிர்கோட்டு என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் அது கிடந்தது. கைக்குழந்தை நீளம். கடையில் வாங்கியதல்ல. பால் வரும் பெட்டியின் அட்டை, ஊசி, குடைக் கம்பி, மேலே சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள். மடிப்புகள் அத்தனையும் அதனதன் இடத்தில். இப்படி ஒன்றை அவன் பார்த்ததே இல்லை.

"தூக்கிட்டுப் போங்க சார்" என்றாள் விற்பனை நடத்திய பெண். "காலைலேருந்து மூணு பேர் கேட்டுட்டாங்க, வெந்நீர்க் கொதிகலனான்னு."

அவன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினான். போர்வையின் இடப்பக்கம், இரண்டாவது தையலுக்குக் கீழே, அரிசி அளவில் ஓர் ஒட்டு. சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். ஒட்டின் மூன்று மூலைகள் உருண்டையாக வெட்டப்பட்டிருந்தன. நாலாவது கூராக இருந்தது.

அடிப்பாகத்தைப் பார்த்தான். சின்னச் சீட்டு, போர்வை தைத்த பட்டறையின் வேலைத்தாள் மாதிரியே இரண்டு வரி. செய்தவர்: ஏ. புரூட். பார்த்தவர் என்ற வரி காலி.

"இது யார் வீடு?"

"ஆர்வில்லா புரூட்னு ஒரு அம்மா. ஃபிரெடெரிக்ல மகன் பக்கத்துல போயிட்டாங்க."

அந்தப் பெயரை அவன் முப்பத்திரண்டு வருஷமாக வாய்விட்டுச் சொன்னதில்லை.

பட்டறையில் இரண்டு சட்டங்கள் யாரும் மீறாதவை. ஒன்று, எதைச் செய்தாலும் இருவர் கையெழுத்து: செய்தவர் ஒருவர், கூட நின்று பார்த்தவர் ஒருவர். இரண்டாவது, உள்ளே போகும்முன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கழற்ற மனமில்லாவிட்டால் மேலே பட்டை நாடா சுற்றி, இரண்டு கையுறை போட வேண்டும். அன்றைக்கு லோவெலுக்குக் கல்யாணமாகி ஒன்பது நாள். ஜின்னி பார்த்துப் பார்த்து வாங்கிய மோதிரம், முறுக்குக் கயிறு போல விளிம்பு. கழற்ற மனமில்லை. நாடா சுற்ற மறந்துவிட்டான். போர்வையை இழுத்துப் பொருத்தும்போது ஒரு சத்தம், காய்ந்த இலை கிழிவது போல. சுண்டுவிரல் நகம் அளவு கிழிசல்.

ஆர்வில்லாதான் அன்றைய வேலைக்குத் தலைவி. "பரவால்ல, ஒட்டு போடு" என்றாள். ஒட்டின் மூலைகளை உருண்டையாக வெட்டாவிட்டால் நாளாவட்டத்தில் கூர் பெயரும். பதற்றத்தில் லோவெல் மூன்றைத்தான் வெட்டினான். நேரமாகிவிட்டது, பார்த்தவர் வரியில் அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதம் கழித்துப் படங்களில் அந்த மூலை கண்ணில் பட்டது. எடுத்தால் தகடும் உரியும் என்று அப்படியே விட்டார்கள். ஆளை விடவில்லை. கிழிசல் எப்படி வந்தது? கத்தரிக்கோல் ஆர்வில்லாவின் இடுப்பில்தான் கட்டியிருந்தது. மூலையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் வேறு எதைப் பார்க்காமல் விட்டாளோ? லோவெலையும் கேட்டார்கள். "நான் கவனிக்கல" என்றான். அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு தொலைநோக்கி இருந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை.

மாதிரியை அவன் கார் கொட்டகையில், பழைய கம்பளியைப் போட்டு மூடி வைத்தான். நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை, மரச்சாமான் கடைக்குப் போகிறேன் என்று ஜின்னியிடம் சொல்லிவிட்டு ஃபிரெடெரிக்குக்கு ஓட்டினான்.

ஆர்வில்லா கதவைத் திறந்தாள். எழுபத்துமூன்று வயது. முதுகு வளைந்திருந்தது, பார்வை வளையவில்லை.

"வாடா. நீதான்னு நெனச்சேன். வித்தவ போன் பண்ணா, நரச்ச ஆள் ஒருத்தர் அதக் குழந்தையாட்டம் ஏந்திட்டுப் போனார்னு. பத்திரிகைல உன் மூஞ்சியப் பாத்தேனே. நல்லா சதை போட்டிருக்க."

"ஆர்வில்லா, நான் ஒண்ணு சொல்லணும்."

"காப்பி குடிச்சுட்டுச் சொல்லு. முப்பது வருஷம் ஆறிப்போனது, இன்னும் அஞ்சு நிமிஷம் ஆறட்டும்."

காப்பி வந்தது. அவன் கோப்பையைத் தொடவில்லை. "அன்னிக்கு என் மோதிரத்துல நாடா சுத்தல. கிழிச்சது கத்தரிக்கோல் இல்ல. நான்தான்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ கையுறையக் கழட்டினதுலேருந்து. ரெண்டும் கிழிஞ்சு, உன் மோதிரம் எட்டிப் பாத்துச்சே."

"அப்போ ஏன் நீங்க சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். புது மாப்பிள்ள, பயந்திருக்கான், நாளைக்குச் சொல்லுவான்னு. அப்பறம் திங்கக்கிழமை சொல்லுவான்னு. விசாரணைல நான் வாயத் தெறந்தா, தப்பிக்க சின்னவன் மேல பழி போடறாள்னுதான் எழுதிருப்பாங்க. அப்பறம் எனக்கு வீம்பு வந்துடுச்சு." அவள் மேசையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள். "ஏவின அன்னிக்கு உங்க எல்லாரையும் ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் கிடங்குல திருகாணி பிரிச்சுட்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பால் அட்டைய வெட்ட ஆரம்பிச்சேன். அத நான் தொடக்கூடாதுன்னாங்க இல்ல? என் நிலவறைல என்னை யாரு தடுப்பா?"

"அந்த மூலைய ஏன் அப்படியே வச்சீங்க?"

"மேல அப்படித்தான இருக்கு. மாதிரின்னா இருக்கறத இருக்கற மாதிரி செய்யணும். அழகு பண்ணக் கூடாது."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"மன்னிப்புக் கடிதாசிய எல்லாம் நான் வாங்க மாட்டேன். சனிக்கிழமை பலகைல உன் படம் போடறாங்கல்ல? அது பக்கத்துல எழுதி வை. எல்லாரும் படிக்கட்டும்."

"பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்க."

"அதனாலதான் சொல்றேன். பயமா இருக்கா?"

"ஆமா."

"இருக்கட்டும்" என்றாள் ஆர்வில்லா.

அன்று மாலை ஜின்னியிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது.

"இந்த மோதிரமா?"

"ஆமா."

"அந்தப் பொம்பளைக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பலாம்னு ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். வேணாம், வேணாம்பே. இதுக்குத்தானா?"

பாதி சீவிய கிழங்கை வைத்துவிட்டு அவள் தோட்டத்துக்குப் போய் இலை வாரினாள். இருட்டும்வரை வாரினாள். நாலு மரம் உள்ள வீட்டில் அவ்வளவு இலை கிடையாது.

சனிக்கிழமை நூலகத்தில் பன்னிரண்டாவது மாதிரியை நடுவில் வைத்தான். பக்கத்தில் ஓர் அட்டை, அவன் கையெழுத்தில்: அக்டோபர் பதினாலு, போர்வை கிழிந்தது. நாடா சுற்றாத என் மோதிரத்தால். பழி ஆர்வில்லா புரூட் மேல் விழுந்தது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. செய்தவர்: லோவெல் டெஃப்ட்.

பழைய ஆட்கள் வந்தார்கள். சிரித்துக்கொண்டே வந்து, அட்டையைப் படித்து, சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நகர்ந்தார்கள். அன்றைய விசாரணையில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் பாதி தின்ற டோனட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பர்டெட் மட்டும் அவன் தோளைப் பிடித்தான். ஒரே மேசையில் இருபது வருஷம் வேலை பார்த்தவன்.

"ஏன்டா, இப்ப யாரு கேட்டா உன்ன? அதுதான் மேல நல்லா ஓடிட்டிருக்கே?"

"அது ஓடுது."

"லூசுடா நீ" என்று கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் லோவெல் நிமிர்ந்தான். ஜின்னி புத்தக அடுக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை, ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. மூடுவதற்குக் கால் மணி இருக்கையில் ஆர்வில்லா மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைப் போட்டு அட்டையை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

"தேதி தப்பு. பதினாலு இல்ல, பதினஞ்சு. பதினாலு நீ லீவு."

லோவெல் அட்டையை உருவினான். "புதுசா எழுதிடறேன்."

"புதுசு எதுக்கு? பட்டறை வழக்கமெல்லாம் மறந்துட்டியா? ஒரே கோடு. அடிச்சது படிக்கற மாதிரி இருக்கணும். மேல சரியானத எழுது, பக்கத்துல உன் பேரோட முதலெழுத்து."

அடித்தான், எழுதினான். அவள் பேனாவை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே, பார்த்தவர் என்று போட்டுக் கையெழுத்திட்டாள். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

லோவெல் மாதிரியைச் சாய்த்து, அடியிலிருந்த சீட்டைக் காட்டினான். "இதுல பார்த்தவர் காலியா இருக்கு. நான் போடட்டுமா?"

ஆர்வில்லா பேனாவை மூடினாள்.

"நான் இத ஆறு வருஷம் செஞ்சேன். நீ எங்கடா இருந்த?"

அவன் மாதிரியைச் சாய்த்தபடியே பிடித்திருந்தான்.

"பாக்காதவங்க கையெழுத்துப் போடக்கூடாது. நான் ஒரு தடவ போட்டுப் பட்டது போதும்." பேனாவை அவன் சட்டைப்பையிலேயே செருகினாள். பிறகு மகனைப் பார்த்து, "போலாமா, இருட்டப்போகுது" என்றாள்.

ஜின்னி எழுந்துபோய் அவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தாள். இரண்டு பெண்களும் வாசலில் ஏதோ பேசினார்கள். லோவெலுக்குக் கேட்கவில்லை. அவன் மாதிரியை நிமிர்த்தி, ஒட்டு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தான்.