மத்தியானம் விழித்துக்கொள்ளும் ஊசி

சென்ற மாதம் என் மகள் திருடினாள். அதுவும் சர்ச் வளாகத்தில், போதகர் கண்ணெதிரில்!

தாம்பரத்தில் எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம் ஆரம்பித்தால்... கேட்கவா வேண்டும்? ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு பேர் மானப் பிரச்சினையாக மோதிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் பந்திக்கு யாரும் நகரவில்லை.

எஸ்தருக்குப் பதினான்கு வயது. சர்க்கரை நோய் என்று போன வருடம்தான் தெரிந்தது. காலையில் ஊசி போட்டு, இட்லி கொடுத்துத்தான் அழைத்துப் போயிருந்தேன். திடீரென்று என்மேல் எரிந்து விழுந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"என்னடி பேச்சு இது, பெரியவங்க மத்தியில?"

 தள்ளாடிப் போய், மேஜையிலிருந்த தேன் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள்.

"பாப்பா, அது நான் ஏலத்துல எடுத்த தேனும்மா!" — ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.

"இன்னாம்மா பாத்துகினு கீற? சுகர் பொண்ணாச்சே, புடுங்கு!" — பந்தி பரிமாற நின்ற அம்மாள்.

பாய்ந்து பிடுங்கப் போனேன்.

"கையை எடும்மா! நடுக்கம் வந்தா உடனே இனிப்புன்னு டாக்டர் சொல்லல?" என்று கத்தினாள் எஸ்தர்.

சொல்லியிருந்தார். சர்க்கரை என்றாலே விஷம் என்று பழகிய மனதில் அது ஏறினால்தானே? கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. 

மறுநாள் டாக்டரம்மா சிரித்தார். "காலையில ஊசி போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா மேடம்? தெளிவா இருக்கே, பிளெயின் இன்சுலின் — அது அரை மணியில கிளம்பி, காலைச் சாப்பாட்டைக் கவனிச்சிட்டுப் போயிடும். கலங்கலா இருக்கற இன்னொரு இன்சுலின், லென்ட்டே, சாவகாசமா வரும். மத்தியானம்தான் அதுக்குப் பலம்."

"சாப்பாடு தாமதமானா?"

"அதுக்கென்ன தெரியும்? அது பாட்டுக்கு ரத்தத்துல சர்க்கரையை இறக்கிட்டே போகும். மயக்கம்... அதுக்கு மேலயும் போகலாம்."

இரண்டையும் ஒரே சிரிஞ்சில் தினமும் ஏற்றுபவள் நான். எத்தனை யூனிட் என்று தெரியும். எப்போது விழித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மருந்துக்கு அளவு மட்டுமா? நேரமும் உண்டு. நம் பண்டிகைகளுக்குத்தான் அது கிடையாது.

போன ஞாயிறு பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. எஸ்தர் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சை சாத வாசனை பீடம் வரை போயிற்று. போதகர் நிமிர்ந்தார்.

"எஸ்தருக்கு நேரமாயிடுச்சு. நானும் முடிச்சுக்கறேன்."

வெளியே வந்தால்... அவளுக்குக் கைகொடுக்க ஒரு வரிசையே நின்றது!