கதவோரச் சீட்

இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வேனின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுக்கிறார் சைரன் அக்கா. சறுக்குக் கதவு அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை இழுக்கிறார். உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் வேனோடு சேர்ந்து குலுங்குகிறார்கள்.

“கதவைச் சாத்துறீங்களா அக்கா, பிடுங்குறீங்களா?” என்கிறார் உள்ளேயிருந்து தையல்காரம்மா.

“பிடுங்கினாலும் வரக்கூடாதுல்ல? அதைத்தான் பாக்குறேன்.”

சிறுநீரகம் கைவிட்டவர்களை ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அக்காவின் தொழில். சொந்த வேன், சொந்த ஓட்டம். ஆள் குள்ளம், ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிய வேண்டுமென்றால் இரண்டு தலையணை வேண்டும். அந்தக் குறையைக் குரல் ஈடுகட்டிவிடும். ஆஸ்பத்திரிப் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதால் கண்ணாடியை இறக்கி, “நகருங்கய்யா, உள்ள ஆளு இருக்கு!” என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை ஆம்புலன்ஸே ஒதுங்கி வழிவிட்டதாக வாசல் காவலாளி சொல்வார். பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான்.

வண்டியில் பாட்டு கிடையாது. பின்சீட்டில் எப்போதும் மூன்று கம்பளி மடித்திருக்கும், திரும்பி வரும்போது எல்லோருக்கும் குளிரும் என்பதால். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளவாகத்தான் தருவார்கள். நா வறண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் அக்கா ஒரு மடக்குக் குடித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, பாட்டிலைச் சாய்த்து ஒரே மூச்சில் முக்கால்வாசியைக் காலி செய்வார். உதடு வெடித்திருக்கிறதே என்று யாராவது கேட்டால், “நான் ஒட்டக ஜாதி, எனக்குத் தாகமே எடுக்காது” என்பார்.

மூன்று பேரும் நிரந்தர ஆட்கள். பின்வரிசையில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். வண்டி எந்தத் தெருவில் திரும்பினாலும் இன்னொரு தெருதான் சுருக்கு என்பார். அவருக்குப் பக்கத்தில் தையல்காரம்மா. போகும் வழியிலேயே யார் சட்டைக்காவது பித்தான் தைத்துவிடுவார். கதவோரச் சீட் பெயின்டருக்கு. சாரத்திலிருந்து விழுந்ததில் அவருடைய ஒரு முழங்கால் மடங்காது. காலை நீட்டி உட்கார அந்த ஒரு சீட்தான் தோது.

முன்பிருந்த பழைய வேனின் கதவைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். அது ஓடி ஓடித் தேய்ந்து படுத்துவிட்ட பிறகு வாங்கியதுதான் இந்தப் புது மாடல். பொத்தானை அமுக்கினால் கதவு தானே திறக்கும், தானே மூடும். முதல் நாள் பெயின்டர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, “மந்திரிக்குத் திறக்குற மாதிரியில்ல திறக்குது!” என்றார். இப்போது அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா சொல்வது ஒன்றுதான். “பழசைத் திறக்க ரெண்டு ஆளு வேணும். இதைத் திறக்க ஆளே வேணாம்.”

முதல் தடவை அது வீட்டு வாசலில் நடந்தது. அக்கா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். கதவு சாவகாசமாகச் சறுக்கிப் பின்னால் போய் நின்றது. உள்ளே யாருமில்லை, சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. “வெயிலுக்கு ஏதாச்சும் பிசகியிருக்கும்” என்றார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவர். இரண்டாவது தடவை, சிக்னலில். மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரன், ஏறச் சொல்கிறீர்களா என்பது போல அக்காவைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் டை கட்டிய இளைஞன் ஒருவன் வண்டியில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தான். “ஃபால்ட் எதுவும் பதிவாகல அக்கா. தெரியாம யார் கையாவது பொத்தான்ல பட்டிருக்கும். எதுக்கும் சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்திட்டேன், பொத்தானையும் அணைச்சு வெச்சுட்டேன். இனிமே வராது.”

கணவர் அதை நம்பவில்லை. “பேசாம ஒரு தாழ்ப்பாள் வெச்சு அடிச்சுடறேன். யானை இழுத்தாலும் வராது.”

“வண்டி கவுந்தா? தீப்புடிச்சா? அந்த மூணு பேரும் எப்படி வெளிய வருவாங்க?” என்றார் அக்கா. “திறந்தாலும் பயம், திறக்காட்டியும் பயம்னா நான் எந்தப் பயத்தைத்தான் படுறது?”

அன்றிலிருந்துதான் கதவோடு இந்த மல்லுக்கட்டு. காது வேறு கெட்டுப்போனது. ‘க்ளக்’ என்று எங்கே சத்தம் கேட்டாலும் கை ஸ்டியரிங்கில் இறுகும். ஹெட்மாஸ்டருக்குப் பேனாவைத் தட்டித் தட்டி மூடும் பழக்கம் உண்டு. “சார், அதை முதல்ல பையில போடுங்க” என்று ஒருநாள் கத்திவிட்டு, அரைமணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓட்டினார்.

மூன்று பேரிடமும் ஒளிக்கவில்லை. “ரெண்டு தடவை தானாத் திறந்துருக்கு. சரி பண்ணிட்டோம்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. வேற வண்டி பாத்துக்கறதுன்னா பாத்துக்கங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

பெயின்டர் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “பஸ்ல ஏறினா போறவன் வர்றவன் எல்லாரும் இந்தக் காலை மிதிப்பான். இங்க கதவு ஒண்ணுதான் பகை. ஓட்டுங்க.”

மூன்றாவது தடவை அது திரும்பி வரும்போது நடந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்து முடிந்தால் மூன்று பேரும் பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆகிவிடுவார்கள். பேச்சு இருக்காது. அன்று தூறல் வேறு. பெயின்டருக்கு ஊசி ஏற்றிய கையில் பெல்ட் உறுத்தியது. அக்காவுக்குத் தெரியாமல் அதைத் தோளிலிருந்து நழுவவிட்டு, அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டு, கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். வேன் மேம்பாலத்தின் உச்சிக்கு வந்தது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு டேங்கர் லாரி.

‘க்ளக்.’

காற்றும் இரைச்சலும் வேனுக்குள் புகுந்தன. கம்பளி ஒன்று பறந்து வெளியே போனது. சாய்ந்திருந்த கதவு நழுவியதும் பெயின்டரின் தலையும் தோளும் அப்படியே வெளியே சரிந்தன. இடுப்பு மட்டும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. கண் விழித்தபோது முகத்துக்குக் கீழே தார்ச்சாலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்தக்கூட இல்லை.

“அண்ணே!” தையல்காரம்மா தன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். ஹெட்மாஸ்டர் தையல்காரம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். நிற்கவே தெம்பில்லாத மூன்று பேர், ஒருவரையொருவர் பிடித்துத் தொங்கினார்கள்.

அக்காவின் கால் பிரேக்குக்குப் போய், மிதிக்காமல் நின்றது. ஓங்கி மிதித்தால் லாரி மேலே ஏறும். லாரி ஏறாவிட்டாலும் பெயின்டர் பெல்ட்டிலிருந்து உருவிக்கொண்டு போய்விடுவார். ‘புடிச்சுக்கங்க, விடாதீங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆம்புலன்ஸையே ஒதுக்கிய அந்தக் குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. எச்சரிக்கை விளக்கைப் போட்டார். பிரேக்கை முட்டையின் மேல் கால் வைப்பது போல் தொட்டுத் தொட்டு, வேனைக் கைப்பிடிச் சுவர்ப்பக்கம் ஒதுக்கினார். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாக விலகிப் போனது. வேன் நின்றது.

அக்கா இறங்கி ஓடி, நனைந்த சாலையில் மண்டியிட்டு, பெயின்டரின் தலையைத் தன் தோளில் ஏந்தி உள்ளே தள்ளினார். பெயின்டர் கொஞ்ச நேரம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “ஒரு செருப்பு போயிடுச்சு” என்றார். தையல்காரம்மா அழ ஆரம்பித்தார். காலரைப் பிடித்த விரல்கள் பிரிய மாட்டேன் என்றன. ஹெட்மாஸ்டர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். வண்டி இழுக்கும் கயிற்றால் அக்கா கதவைச் சீட்டோடு சேர்த்துக் கட்டி, பெயின்டரை முன்சீட்டில் ஏற்றி, மாட்டு வண்டி வேகத்தில் மூவரையும் வீடு சேர்த்தார். அன்று அக்கா தண்ணீர் குடிக்க மறந்துபோனார்.

மறுநாள் காலை சர்வீஸ் சென்டரைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். டை கட்டிய இளைஞன் மறுபடியும் கம்ப்யூட்டரைச் செருகினான். மறுபடியும் ஒன்றும் இல்லை.

“உங்க ஒருத்தர்கிட்டேருந்துதான் அக்கா இந்தக் கம்ப்ளெய்ன்ட் வருது.”

காத்திருப்போர் நாற்காலியிலிருந்து மாவு படிந்த சட்டையோடு ஒருவர் எழுந்தார். பேக்கரிக்காரர். “ஒருத்தரா? போன வாரம் என் வேன்லேருந்து ஒரு தட்டு ரொட்டி நடுரோட்டுல கொட்டுச்சுன்னு வந்து சொன்னேனே, அப்ப நான் யாரு? இவங்களோட ஆவியா?”

மூலையிலிருந்து இன்னொரு குரல்: “என்னுது கதவு தானாத் திறக்காது சார். ஓடிட்டே இருக்கும்போது இன்ஜின் அணைஞ்சுபோகும். என்கிட்டயும் ‘நீங்க ஒருத்தர்தான்’னுதான் சொன்னீங்க.”

இளைஞனின் காது சிவந்தது. அக்காவை வெளியே கூட்டிவந்து தணிந்த குரலில் சொன்னான். “எனக்கும் தெரியும் அக்கா. ஆனா கம்ப்யூட்டர்ல ஃபால்ட் விழாம கதவைப் பிரிக்கணும்னு போய் நின்னா, மேனேஜர் என்னைப் பிரிச்சிடுவாரு.”

“சரி தம்பி. ஒரு ரவுண்டு வா.”

கயிற்றை அவிழ்த்தார். அவனைக் கதவோரச் சீட்டில் உட்காரவைத்து மேம்பாலத்துக்கு ஓட்டினார். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போதும் இல்லை. விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி கதவு கையைக் கட்டிக்கொண்டு இருந்தது.

“பாத்தீங்களா, ஒண்ணும் இல்லையே.”

“சந்தோஷம். பெல்ட்டைக் கழட்டிட்டு அந்தக் கதவுல சாஞ்சுக்க. தூங்குற மாதிரி.”

அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவன் கை பெல்ட்டின் சிவப்புப் பொத்தான் வரை போனது. போய், அங்கேயே நின்றது. அக்கா கண்ணாடியில் பார்த்தார்.

“கழட்டு தம்பி. கம்ப்யூட்டர்லதான் ஒண்ணும் இல்லையே.”

“அக்கா...”

சர்வீஸ் சென்டர் வந்ததும் இளைஞன் இறங்கினான். பிறகு விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குள் போனான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேருடைய கைகளும் ஆடுவது தெரிந்தது. இளைஞனின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. “வண்டியை விட்டுட்டுப் போங்க. கதவைப் பிரிக்கிறோம். உங்க ஆளுங்களுக்கு வேற வண்டி தர்றேன்.”

பிரித்த பிறகு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கதவு சறுக்கும் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிரும் வயர்க் கட்டு ஒன்று, இரும்பு விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்து கிடந்தது. ஈரமோ குலுக்கலோ பட்டால் உள்ளேயிருக்கும் செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, திற என்று கதவுக்கு உத்தரவு கொடுத்துவிடும். ஓடும் வண்டியில் திறக்காமல் தடுக்க வேண்டிய காவல் வயரும் அதே கட்டுக்குள்தான் இருந்தது. பேக்கரிக்காரரின் வேனையும் பிரித்தார்கள். அங்கேயும் அதே கதை. கொஞ்ச நாளில் அந்த மாடல் வண்டிகள் எல்லாவற்றையும் கம்பெனி திரும்ப அழைத்தது. இன்ஜின் அணைந்துபோகும் மனிதர் மட்டும் இன்னும் அந்த நாற்காலிக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறார்.

வேன் தயாரான அன்று இளைஞன் தானே சாவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

“புது வயர், புது பூட்டு. இனிமே நிம்மதியா ஓட்டலாம் அக்கா. நான் பொறுப்பு.”

அக்கா சாவியை வாங்கவில்லை. “நீ ஓட்டு. மேம்பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் கதவோரச் சீட்டில் ஏறிக்கொண்டார். இளைஞன் தலையணைகளை எடுத்து ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். பாலத்தில் ஏறும்போது பெல்ட் விடுபடும் சத்தம் கேட்டுக் கண்ணாடியைப் பார்த்தான்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“ரோட்டைப் பாரு.”

“வேணாம் அக்கா, நான் சொல்றேன்ல, சரியாயிடுச்சு.”

“நாளைக்குக் காலையில இதுல பெயின்டர் உக்காரணும். வேகத்தைக் குறைக்காதே.”

அவன் குறைக்கவில்லை. கண்ணாடியில் அக்கா ஒரு காலை விறைப்பாக நீட்டிக்கொண்டார். தோளையும் தலையையும் கதவின் மேல் சாய்த்து, மொத்த பாரத்தையும் அதன்மேல் போட்டுக் கண்களை மூடினார். பாலத்தின் உச்சி வந்தது. எதிர்க்காற்று கதவை அறைந்தது. இணைப்புகளில் சக்கரங்கள் தடக் தடக்கென்று ஏறி இறங்கின. உச்சி கடந்து வேன் இறக்கத்தில் இறங்க ஆரம்பித்தது. கதவு அசையவில்லை.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. சாய்ந்தபடியே முழங்கையை மடக்கி, கதவை ஓங்கி இடித்தார். காத்திருந்தார். பிறகு இன்னும் பலமாக, இன்னொரு இடி.