லிம்மின் காருக்கு ஒரு கட்டம்

சீனா ஆறு வருடமாகச் சத்தமில்லாமல் தங்கம் சேர்த்திருக்கிறது, கையிருப்பு ஆயிரம் டன்னைத் தாண்டிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். 2009 ஏப்ரல். குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வைதேகி சிரித்துவிட்டாள்.

"லிம் அங்கிள் இருந்து இதைக் கேட்டிருக்கணும்லா," என்றாள் கணவனிடம்.

"ஓம், மனுசன் துள்ளிக் குதிச்சிருப்பார்," என்றான் சிறிதரன்.

லிம் இறந்து ஒரு வருடமாகியிருந்தது.

மலேசியாவில் ஈப்போவில் பிறந்த வைதேகி, 1983இல் படிக்க சிட்னிக்கு வந்தவள். பிறகு யாழ்ப்பாணத்துச் சிறிதரனைக் கட்டிக்கொண்டு, பரமட்டாவில் வாகனப் பதிவு அலுவலகம் ஒன்றில் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி லிம்மின் நகைக்கடை. அவரும் ஈப்போக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து மதியச் சாப்பாடு அங்கேதான். மலாய் மொழியில் ஊர்க்கதை பேசி இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாதம் பிறந்தால் லிம் தனக்கென்று குன்றிமணியளவு தங்கம் எடுத்து வைப்பார்.

"அப்பா சீனாவை விட்டு ஓடி வரும்போது சட்டை மடிப்பில் தைத்திருந்த தங்கம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பார், ஒருநாள் அந்த நாடே இப்படிச் சேர்க்கும்," என்பார்.

2001 கடைசியில் அவர் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஒரு ஹைபிரிட் கார் வாங்கி, பதிவு செய்ய அவளிடமே வந்தார். கணினித் திரையில் பெட்ரோல், டீசல், காஸ், மின்சாரம் என்று நான்கு கட்டங்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

"இது இரண்டிலும் ஓடுமே?" என்றார் லிம்.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "பெட்ரோல் ஊற்றுகிறார்தானே? பெட்ரோல் என்று போடு."

பின்னால் நீண்ட வரிசை. வைதேகி பெட்ரோல் என்றே போட்டாள். அவள் முகத்துக்காக லிம்மும் கையெழுத்திட்டார்.

எட்டு மாதத்தில் ஒரு லாரி அந்தக் காரை இடித்தது. கதவு திறக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் காரின் பதிவு எண்ணைச் சொல்லி விசாரித்தபோது பெட்ரோல் கார் என்றே பதில் கிடைத்தது. அடியில் பெரிய மின்கம்பி ஓடுவது தெரியாமல் அங்கேயே வெட்டப் போனார்கள். "பேட்டரி! பேட்டரி!" என்று உள்ளிருந்து லிம் கத்தியதால்தான் கை நின்றது.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில், காலில் மாவுக்கட்டோடு அவர் படுத்திருந்ததைப் பார்த்து வைதேகி அழுதுவிட்டாள்.

"நீ என்ன செய்வாய்? கட்டம் இல்லையே," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து சிறிதரனிடம் சொன்னாள். "நீர் மேலிடத்துக்கு எழுதும். வேலை போனால் நான் இருக்கிறன்தானே," என்றான்.

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, உன் வேலையைப் பார் என்று மேலதிகாரி சிடுசிடுத்தார். மூன்றாவதோடு, தன் கவுன்டரிலேயே பெட்ரோல் என்று பதிவான நாற்பத்தொரு ஹைபிரிட் கார்களின் பட்டியலை இணைத்தாள். 2004இல் ஒரு திங்கட்கிழமை காலை, திரையில் ஹைபிரிட் என்று ஐந்தாவது கட்டம் இருந்தது. அவள் முதலில் திருத்தியது, நொறுங்கியதற்குப் பதிலாக லிம் வாங்கியிருந்த புது ஹைபிரிட் காரை. போன் போட்டாள். நொண்டிக்கொண்டு வந்தவர், திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு கடையை மூடிவிட்டு மெல்போர்னில் மகளோடு போய் இருந்தார். அங்குள்ள கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வைதேகியும் சிறிதரனும் போன ஒரு தடவை அவரே காரோட்டிக் கூட்டிப்போனார். சாமி கும்பிட்டு வந்து பார்த்தால், மனிதர் கோயில் சாப்பாட்டு வரிசையில் இரண்டாம் முறை சாம்பாருக்கு நின்றுகொண்டிருந்தார்.