வெள்ளைச் சட்டை உடம்பு

தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரை, செத்துப்போன பல ஆண்களுக்கு என் உடம்புதான் இருந்தது.

அல்லிநகரத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு, பிளெக்ஸ் வந்த புதிதில் கண்ணீர் அஞ்சலி பேனர்தான் சோறு போட்டது. துக்க வீட்டிலிருந்து போட்டோ கொண்டுவருவார்கள். போட்டோ என்றால் என்ன போட்டோ, அடையாள அட்டையில் இருக்கிற தபால்தலை அளவு முகம். காட்டில் வேலை பார்க்கிற மனுசன் ஸ்டூடியோவுக்குப் போய் உட்காருவானா? அதனால் நானே வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். தலையை அழித்துக் கம்ப்யூட்டரில் வைத்தாயிற்று. வருகிற முகத்தை அதன்மேல் பொருத்திவிட்டால் பேனர் தயார்.

பஸ்ஸில் போனால் முச்சந்திக்கு முச்சந்தி நான் உட்கார்ந்திருப்பேன், வேறு வேறு தலையோடு. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஜன்னலோரம் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

அதுவரை மதுரையில் கொடுத்துத்தான் பிரிண்ட் எடுத்தேன். சொந்தமாக மிஷின் வாங்குவதென்று கிளம்பினால், மிஷின் விற்கிற இரண்டு வியாபாரிகள் வந்து, ஆளாளுக்குத் தன் மிஷினில் ஊற்றுகிற மை மட்டும்தான் வெயிலுக்கு நிற்கும் என்றார்கள். வாய்ப்பேச்சை நம்பி மிஷினை இறக்க நான் என்ன இளிச்சவாயனா? ஒரே படத்தை இரண்டு மிஷினிலும், சாதா பிளெக்ஸ், கெட்டி பிளெக்ஸ், பலகையில் ஒட்டுகிற வினைல் என்று மூன்று வகையில் அடித்து வாங்கினேன். வெள்ளையும் தோல் நிறமும் நிழலும் சேர்ந்திருப்பதால் அந்த உடம்புப் படத்தையே கொடுத்தேன். பங்குனியில் ஆறையும் மொட்டைமாடியில் வரிசையாகக் கட்டினேன்.

ஆனிக் காற்று கேரளத்து மலையிலிருந்து இறங்கியதும், தலையில்லாத ஆறு பேருக்கும் நெஞ்சு உப்பியது, அமுங்கியது.

"துணி காயப்போட இனி நான் மேல போகமாட்டேன். அதுக மூச்சு விடுதுங்க," என்றாள் என் மனைவி. நான் அவளைக் கேலி செய்தேன். ஆனால் மாடி ஏறும்போதெல்லாம் ஆறுதான் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆடியில் ஒரு மிஷின் படங்களில் மஞ்சளும் சிவப்பும் ஓடிப்போய், என் கைகள் நீலம் பாரித்துக் கிடந்தன. பட்டப்பகலில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். மற்ற மிஷினில் அடித்து, மேலே பிலிம் ஒட்டிய வினைல் மட்டும் முதல் நாள் போலவே இருந்தது. அந்த மிஷினையே வாங்கினேன்.

மிஷின் வந்த மாதம், கோம்பையிலிருந்து ஒரு பெண் பழைய பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கணவன் இறந்து இரண்டு வருடம். மேசையில் விரித்தாள். சின்னப் படத்தைப் பெரிதாக்கிய முகம், வெயில் பட்டு முழுக்க வெளுத்திருந்தது. நல்ல கேமராவில் எடுத்த என் கைகள் மட்டும் வெளுத்த பிறகும் தெளிவாகத் தெரிந்தன.

"வீட்டுல வேற படம் இல்லண்ணே. அவுக போறப்ப மகனுக்கு ஒரு வயசு. அவனுக்கு அப்பான்னா இதுதான். இனி அழியாததாப் போட்டுக் குடுங்க."

முகம் என் பழைய சிடியில் இருந்தது. வினைலை விரலால் தடவிக் காட்டி, இதைப் பலகையில் ஒட்டி வீட்டுக்குள் மாட்டினால் நிறம் போகாது என்று விளக்கினேன். அவள் வினைலைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கர் வெட்டும் பிளேடு கிழித்த நீளத் தழும்பு ஒன்று என் கட்டைவிரலில் உண்டு. பேனரில் இருந்த கையிலும் அது இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் கையை இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அவுகளுக்கு இந்தத் தழும்பு கெடையாது. அன்னைக்கே நெனச்சேன்," என்றாள் மெதுவாக.

வெட்கமாகப் போயிற்று. "தப்பா நெனைக்காத தாயி. கைய எடுத்துட்டு, முகத்த மட்டும் போட்டுத் தர்றேன்."

"வேணாம்ணே. தெனம் அந்தக் கையில முத்தம் குடுத்துட்டுத்தான் படுக்குறான். அப்படியே இருக்கட்டும்."

அடித்து, பலகையில் ஒட்டிக் கொடுத்தேன். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாதீக. எங்க ஊருப் பக்கம் மட்டும் வந்துராதீகண்ணே. பையன் கையக் கண்டுபுடிச்சிருவான்."