எந்த வண்டியை வைத்து எந்த வண்டியை இழுப்பது?

பழுதான வண்டியை இழுத்துப் போகும் தொழிலில், சிரித்த முகத்தோடு காத்திருக்கும் வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. நடுரோட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே என்ன பார்க்கிறோம் என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றவரா நீங்கள்? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, திருவண்ணாமலையில் திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் தண்டபாணியோடு கூட்டு சேர்ந்தேன். இழுப்பதற்கு எந்த மாதிரி வண்டி வாங்குவது என்பதில் எங்களுக்குள் முதல் நாளே தகராறு. மச்சானுக்குப் பெரிய வண்டிதான் வேண்டும். எனக்குச் சின்னது போதும். தகராறு தீரும்வரை பட்டறையில் கிடந்த பழைய ஜீப்பையும் ஒரு கயிற்றையும் வைத்து ஓட்டுவோம் என்று முடிவானது.

கயிறு

கீழ்பென்னாத்தூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் அம்பாசடர் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுக்கும்போது பின்னால் ஸ்டீயரிங் பிடிப்பவர் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சும்மா சும்மா பிரேக்கை மிதிக்கக் கூடாது. இதையெல்லாம் மச்சான் விளக்கினார். தாசில்தார் தலையாட்டினார். ஆனால் தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி விசாரிப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். அந்த ரோட்டில் அவருக்குத் தெரியாதவர் யாருமில்லை.

ஜீப் போட்ட சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பட்டறை வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், பின்னால் அறுந்த கயிறு மட்டும் வந்திருந்தது. அடித்துப் பிடித்துத் திரும்பிப் போனோம். அவர் புளியமர நிழலில் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்த நுங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிதானமாகக் கேட்டார்:

"கயிறு பத்திரமா போய்ச் சேர்ந்துச்சாங்க?"

கொக்கி

அதற்குப் பிறகு ஜீப்பின் பின்பக்கம் இரும்புக் கை ஒன்றை வைத்து, சங்கிலியும் கொக்கியும் மாட்டினோம். காரின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வரலாம். இதுதான் சரியான வண்டி என்று நான் மச்சானிடம் மார்தட்டிக்கொண்டேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பல வருடமாக இங்கேயே தங்கி, வேட்டி கட்டி, தமிழும் பேசுவார். அவருடைய வேன் கிளம்பவில்லை என்று கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால் அது வேன் இல்லை, வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி நிறையப் புத்தகம். நான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் கொக்கியை வேனில் மாட்டி, பின்னால் நின்று சங்கிலியை இழுத்துத் தூக்கினார். வேன் அசையவில்லை. என் ஜீப்பின் மூக்குதான் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க, கண்ணாடி வழியாக எனக்கு வானம்தான் தெரிந்தது. மச்சான் சிரிப்பு தாங்காமல் சங்கிலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வெள்ளைக்காரர் என் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"அவசரம் இல்லைங்க. அங்க இருந்து மலை நல்லா தெரியுதா?"

பட்டாளத்து லாரி

இந்தக் கூத்துக்குப் பிறகு என் சின்ன வண்டிப் பேச்சு எடுபடவில்லை. மச்சான் ஏலத்தில் வந்த பழைய பட்டாளத்து லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் பெரிய கிரேனை ஏற்றினார். யானையைக்கூடத் தூக்கும். திரும்பத்தான் அதற்கு ஒரு மைதானம் வேண்டும்.

முகூர்த்த நாள் ஒன்றில், கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாப்பிள்ளை அழைப்புக் கார் நின்றுவிட்டது. சந்துக்குள் போக வேண்டாம், நாலு பேர் தள்ளினால் போதும் என்றேன். கேட்டால்தானே. பாதி தூரம் போனதும் மேலே கரண்டு கம்பி. பின்னால் வரலாம் என்றால், அதற்குள் ஆட்டோவும் சைக்கிளும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து மண்டபத்துக்கு நடந்தார். அவருடைய தாய்மாமன் மட்டும் நின்று, மச்சானிடம் மரியாதையாகச் சொன்னார்:

"கார் நின்னப்ப ஒதுங்கிப் போறதுக்கு வழி இருந்துச்சுங்க. இப்ப அதுவும் இல்ல."

மல்லாட்டை லோடு

லாரியை விற்றுவிடலாம் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் கீழ்பென்னாத்தூர் தாண்டி மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. கேபின் நசுங்கி, டிரைவரின் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்துவிட்டு, முடியாமல் எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள்.

மச்சான் கிரேனில் ஏறி உட்கார்ந்தார். அந்த ராட்சச கிரேனால் கேபினை விரல் கனம், விரல் கனமாகத் தூக்கினார். கொஞ்சம் வேகம் கூடினாலும் கேபின் சரிந்து ஆளை நசுக்கிவிடும். நான் உள்ளே தலையை விட்டு அந்த டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் வெளியே வந்ததும் கூட்டத்தில் இருந்த பெண்கள் அழுதுவிட்டார்கள். மச்சான் கிரேனை விட்டு இறங்காமல் அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால் பிறகு தேறிவிட்டது. அந்த டிரைவர் தானே நடந்து பட்டறைக்கு வந்து எங்களோடு டீ குடித்தார். லாரியை விற்கும் பேச்சை நானும் விட்டுவிட்டேன். ஆனால் அன்று வெளியே தூக்கிப் படுக்க வைத்ததும் அவர் என் காதருகே சொன்னது இதுதான்:

"அண்ணே, மூட்டையை எவனாச்சும் தூக்கினு போறானா பாருங்க."

தட்டு

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த புதுக் கார்கள் சிலவற்றை, சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாது, கியர் பெட்டி போய்விடும் என்றார்கள். அதனால் முதுகில் தட்டு வைத்த வண்டி ஒன்று வாங்கினோம். தட்டு சாய்ந்து இறங்கும், கார் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சவாரி ஒரு டாக்டரம்மாவின் கார். கியர்தான் விழவில்லை, ஏசி ஓடியது. இறங்கி எங்களோடு முன்னால் உட்காரச் சொன்னோம். ஏசியில் உட்கார்ந்து பழகிவிட்டது, காரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. உயரத்தில் வரும் டாக்டரம்மாவைப் பார்த்து ஒருத்தர் கும்பிட்டார். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பூக்காரம்மா, சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா என்று கீழேயிருந்து கேட்டார். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி, கூடாது என்றார். அதற்குள் முட்டி வலிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். பட்டறை வருவதற்குள் ஒரு சின்ன கிளினிக்கே நடந்து முடிந்தது. இறங்கியதும் அவர் சொன்னார்:

"ஆஸ்பத்திரில கூட இவ்ளோ பேரு என் பேச்சைக் கேட்டதில்லைங்க."

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் இப்போதும் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டு வருகிறார்கள். எதை வாங்கினாலும் மறுநாள் அதனால் இழுக்க முடியாத வண்டிதான் முதலில் பழுதாகி நிற்கும் என்பதை மட்டும் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன்.