யோசப்பின் காவல் இருக்கும் பெடியன்

"பெடியா, எழும்பிட்டியோ?" என்று கேட்டுக்கொண்டேதான் யோசப்பின் என்ற மனுசி காலையில் அருங்காட்சியகக் கூடத்துக்குள் நுழைவார். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருப்பவன் எங்கே எழும்புவது! அவன் செத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாகிறது. கருங்கடலுக்கு வடக்கே, புல்வெளிகளில் ஊரும் மதிலும் இல்லாமல் குதிரையில் அலைந்த சித்தியர் என்ற சனத்தில் ஒருவன். இப்போது வெறும் எலும்பு. இடுப்போரம் பச்சை பிடித்த அம்புமுனைகள், கால்மாட்டில் அவனுடைய குதிரையின் மண்டையோடு. இருபது வயதிருக்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். யோசப்பின் சிலுவை போட்டுவிட்டு, கண்ணாடியில் முதல் நாள் பதிந்த விரலடையாளங்களைக் கைலேஞ்சியால் துடைப்பார். துடைக்க வேறு ஆள் இருக்கிறது. சொன்னால் கேட்கிற மனுசியா அவர்?

ஜேர்மனியின் எசன் நகரில் இந்த அருங்காட்சியகத்தில் அவருக்குக் காவல் வேலை. கறுப்புக் கோட்டு, கழுத்தில் அட்டை, பகல் முழுக்க நிற்பது. மூலையில் கதிரை போட்டிருக்கிறார்கள், அதில் இருக்கமாட்டார். யாராவது கண்ணாடியில் சாய்ந்தால் "பிட்டே, நிக்ட் அன்ஃபாசன்!" என்று, தொடவேண்டாமென மரியாதையாகச் சொல்வார். ஆள் நகர்ந்ததும், "கண்ணாலை பார்க்கேலாதோ, கையாலைதான் பார்க்கவேணுமோ?" என்று தமிழில் மீதியை முடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் வீட்டில் மீன் குழம்பு. மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகள். யோசப்பினுக்கும் கணவர் அலோசியஸுக்கும் வைத்த இரண்டும் நிமிர்ந்திருக்கும், மூன்றாவது கவிழ்ந்திருக்கும். "டெனிஸ், சாப்பிட வாடா" என்று வாசல் பக்கம் பார்த்து ஒருதரம் கூப்பிட்ட பிறகுதான் அவர் சோற்றில் கை வைப்பார். ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

டெனிஸ்டன் அவர்களுடைய ஒரே பிள்ளை. அலோசியஸ் முதலில் அகதியாக வந்து, பிறகு குடும்பத்தைக் கூப்பிட அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டார். அதற்குள் பெடியனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. மனைவி வரலாம், மகன் வர ஏலாது என்றார்கள். "நீ பின்னாலை வாடா" என்று மன்னாரில் தன் தமையன் வீட்டில் விட்டுவிட்டு யோசப்பின் விமானம் ஏறினார். அந்த ஒரு வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார். சண்டை துரத்தத் துரத்தப் பெடியன் வன்னிக்குள் போனான். சண்டையின் கடைசி நாளில், ஆமியிடம் சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை, குழியும் இல்லை.

அதனால்தான் அந்தக் கோப்பை கவிழ்ந்திருக்கிறது. "வாறவன் தானே நிமிர்த்திப் போட்டுச் சாப்பிடட்டும். மீனுக்கு மட்டும் நான் முள் எடுத்துக் குடுப்பன்" என்பார். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி ஆஸ்பத்திரி வரை போனதிலிருந்து டெனிஸ்டனுக்கு மீன் என்றால் பயம். மீசை முளைத்த பிறகும் தாய்தான் முள் எடுத்துக் கொடுக்கவேண்டும். ஒருமுறை அலோசியஸின் தங்கை, பாவம், நல்லெண்ணத்தில் அந்தக் கோப்பையை நிமிர்த்தி இரண்டு அகப்பை சோறு போட்டுவிட்டார். யோசப்பின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி கதவைத் தட்டினாள்.

"செத்த ஆக்களுக்குத்தான் படைக்கிறது! என்ரை பிள்ளைக்குப் படைக்கச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நவம்பரில் மரித்தோர் பூசை வரும். செத்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் பங்குச் சாமி பீடத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். அலோசியஸுக்கு நம்பிக்கை விட்டுப்போய்க் கனகாலம். இந்த வருடமும் பயந்து பயந்து கேட்டார்.

"இஞ்சாரும், இந்த முறை அவன்ரை பேரைச் சாமியிட்டைக் குடுப்பம். அவன்ரை ஆத்துமமாவது ஆறட்டும்."

"குடுங்கோ. அப்பிடியே என்ரை பேரையும் சேர்த்துக் குடுங்கோ."



வழிகாட்டிகள் கடகடவென்று கொட்டும் ஜேர்மன் யோசப்பினின் காதில் ஏறாது. இத்தனை மாதமும் நிம்மதியாக இருந்தார். போன கிழமை, நாட்டுக்குப் புதிதாய் வந்த அகதிகளுக்கு மொழி படிப்பிக்கும் வகுப்பொன்று வந்தது. அவர்களுக்காக வழிகாட்டிப் பெண் சின்னச் சின்ன வசனமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதல்முறையாக யோசப்பினுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. பாழாய்ப்போன விளக்கம்!

இந்தச் சனத்துக்கு எழுத்து இல்லை, அவர்களின் மொழி செத்துவிட்டது, அயலார் எழுதிவைத்த சில பெயர்கள்தான் மிச்சம் என்றாள் அவள். காவலாளி பேசக்கூடாது என்பது சட்டம். யோசப்பின் தன் உடைந்த ஜேர்மனில் கேட்டேவிட்டார்: அந்த மொழியில் ஒரு தாய் பிள்ளையைச் சாப்பிட எப்படிக் கூப்பிட்டிருப்பாள்?

அந்தப் பெண் சொன்னாள்: "யாருக்கும் தெரியாது. ஒரு முழு வசனம்கூட மிஞ்சவில்லை."

பிறகு தொடர்ந்தாள். ஒருவன் செத்தால் வண்டியில் ஏற்றுவார்களாம். சொந்தக்காரர் வீடு வீடாகக் கொண்டுபோவார்களாம். ஒவ்வொரு வீட்டிலும் விருந்து வைத்து, மற்றவர்களுக்குப் போடுவதைப் போலவே செத்தவனுக்கும் போடுவார்களாம். நாற்பது நாள் அப்படிக் கொண்டு திரிந்த பிறகு புதைப்பார்களாம்.

யோசப்பின் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கதிரையில் இருந்தார். கண்ணாடிக்குள் படுத்திருந்தவனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரமும் பொறாமையும் ஒன்றாய் வந்தன. இவனுடைய தாய் நாற்பது நாளில் இவனை இறக்கி வைத்துவிட்டாள். ஒரு பிடி மண் போட்டிருப்பாள். தான் சாப்பாட்டு மேசைக்கும் வாசலுக்குமாக இத்தனை வருடம் எதைச் சுமந்துகொண்டிருந்தோம் என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே சொன்னார்: "உதுகளுக்கு நாப்பது நாளிலை முடிஞ்சிருக்கு."

"ஆருக்கு?" என்றார் அலோசியஸ்.

ஞாயிறு மத்தியானம். சோறும் மீனும் மேசைக்கு வந்தன. அலோசியஸ் வழக்கம்போல அந்தக் கூப்பிடுகைக்காகக் காத்திருந்தார். யோசப்பின் வாசல் பக்கம் திரும்பவேயில்லை. கவிழ்ந்திருந்த கோப்பையை எடுத்து, துடைத்து, நிமிர்த்தினார். இரண்டு அகப்பை சோறு போட்டார். நடுத்துண்டு மீனாகப் பார்த்து வைத்து, அதன் முன்னால் குனிந்து இருந்து, இரண்டு விரலால் முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.